துத்தநாகக் கட்டியைத் தண்ணீருக்குள்ளேயே மாற்றலாம்
பாய்மரப் படகின் புரொப்பல்லர் தண்டில் உலோக அரிப்பைத் தடுக்க மாட்டிய துத்தநாகக் கட்டி பாதி கரைந்துவிட்டதா? அதற்காகப் படகைக் கரையேற்ற வேண்டாம், மூழ்கியே மாற்றலாம். ஆனால் கரை மின்சாரம் உள்ள படகுத்துறையில் இறங்கவே இறங்காதீர்கள்; மின்கசிவு ஆளைக் கொல்லும். அமைதியான நீரில் நங்கூரமிட்டு, இன்ஜின் சாவியைக் கழற்றி, மேலே ஒருவரை நிறுத்துங்கள்.

தண்டில் ஒட்டிய கொட்டலசை (ஓடுள்ள சிறு கடலுயிரி) சுரண்டி, உலோகம் பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். உலோகத்தோடு உலோகம் நேராகத் தொட்டால்தான் கட்டி தானே கரைந்து புரொப்பல்லரை அரிப்பிலிருந்து காக்கும். அதனால் கட்டிக்குப் பெயின்ட் அடிக்கவே கூடாது. புதிய கட்டியின் இரு பாதிகளையும் தண்டைச் சுற்றிப் பொருத்தி, போல்ட்டுகளை முறுக்கியதும் சுத்தியலால் லேசாகத் தட்டி, அப்புறம் மறுபடி முறுக்குங்கள். பலர் விட்டுவிடும் வேலை இது. விட்டால் கட்டி சீக்கிரம் தளரும். ஸ்பேனரைக் கயிற்றில் கட்டிக்கொள்ளுங்கள், நழுவினால் அடியில் தேட முடியாது.