உப்பை அளந்து, எண்ணெயைக் கரண்டியில்: இதயத்துக்கு ஏற்ற சமையல்

இதயத்துக்காகச் சமையலை மாற்றுகிறீர்கள் என்றால் உப்பில் தொடங்குங்கள், எண்ணெய் அப்புறம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு. ரொட்டி, சீஸ், ஊறுகாய், பாக்கெட் நொறுக்குத்தீனியில் ஒளிந்திருப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். பாக்கெட்டில் சோடியம் மட்டும் போட்டிருந்தால் அதை 2.5-ஆல் பெருக்குங்கள்: 600 மில்லிகிராம் சோடியம் என்பது 1.5 கிராம் உப்பு. அந்த எண் முழுப் பாக்கெட்டுக்கா, ஒரு பரிமாறலுக்கா என்பதையும் பாருங்கள். பலர் ஏமாறுவது அங்கேதான்.

இப்போது போடும் உப்பை ஒரு வாரம் அளந்து குறித்துவையுங்கள். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு குறைத்தால் நாக்குக்குப் பெரிதாகத் தெரியாது. ஒரேயடியாகப் பாதியாக்கினால் சாப்பாட்டு மேசைக்கு உப்புக் குப்பி வந்து உட்கார்ந்துவிடும். இந்துப்பு, கடல் உப்பு என்று பெயர் மாறினாலும் சோடியம் கிட்டத்தட்ட அதேதான். பொட்டாசியம் கலந்த 'குறைந்த சோடியம்' உப்பைச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

எண்ணெயில் அளவு, வகை இரண்டும் முக்கியம். வெண்ணெயில் பாதியும் தேங்காய் எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேலும் நிறைவுற்ற கொழுப்பு. 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்.டி.எல். கொலஸ்ட்ராலை ஏற்றுவது அதுதான். சூரியகாந்தி, கடலை, நல்லெண்ணெய், ஆலிவ் இவற்றில் அது மிகக் குறைவு. எந்த எண்ணெயானாலும் ஒரு டேபிள்ஸ்பூனுக்குச் சுமார் 120 கலோரி, அதனால் பாட்டிலைச் சாய்க்காமல் கரண்டியால் எடுங்கள். சட்டியில் காயை நெருக்கிப் போட்டால் நீர் விட்டு அவியுமே தவிரச் சிவக்காது. சிவக்காத காய் சப்பென்றிருக்கும், உடனே கை உப்புக்கும் எண்ணெய்க்கும் போகும். அகலமான சட்டியில் இரண்டு தவணையாக வதக்கினால் இந்தத் தொல்லை இல்லை.

நாலு பேருக்கு ஒரு கொண்டைக்கடலைக் குழம்பு செய்து பார்ப்போம். 200 கிராம் கடலையை 8 முதல் 10 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில், விரலால் நசுங்கும்வரை வேகவையுங்கள். அதற்குமுன் தக்காளி சேர்த்துவிடாதீர்கள், புளிப்புப் பட்டால் கடலை எத்தனை நேரமானாலும் விறைப்பாகவே நிற்கும். வேறொரு சட்டியில் 2 டேபிள்ஸ்பூன் எண்ணெயில் 200 கிராம் வெங்காயத்தை மிதமான தீயில் 12 முதல் 15 நிமிடம் பொன்னிறமாக வதக்குங்கள். அவசரப்பட்டால் இனிப்பு இறங்காது, உப்பைக் குறைத்ததை மறைப்பதே அந்த இனிப்புதான். 4 பல் பூண்டு, ஒரு டீஸ்பூன் சீரகம், 300 கிராம் தக்காளி சேர்த்துக் குழைந்ததும், கடலையை வெந்த நீர் ஒன்றரைக் கோப்பையோடு ஊற்றுங்கள். கிரீம் வேண்டாம், ஒரு கரண்டிக் கடலையை மசித்தாலே கெட்டியாகும்.

கடைசியில் 100 கிராம் கீரை, மூன்று நிமிடம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபாரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் கீரையை விட்டுவிட வேண்டியதில்லை, அளவைத் திடீரென ஏற்றி இறக்காமல் இருந்தால் போதும். அடுப்பை அணைத்தபின் அரை எலுமிச்சை பிழிந்து, அரை டீஸ்பூன் உப்பில் முக்கால்வாசியைப் போட்டுக் கலக்குங்கள். கொதிக்கக் கொதிக்க நாக்கில் வைத்தால் உப்பு சரியாகப் பிடிபடாது. ஐந்து நிமிடம் ஆறவிட்டு ருசி பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் மீதி.