ஆம்ப்ளிஃபையரை மாற்றத்தான் வேண்டுமா?

நல்ல ஆம்ப்ளிஃபையர் வீட்டில் இருந்தாலும் புது மாடலைக் கண்டால் கை அரிக்கும். சரி, முதலில் வாட்ஸ் கணக்கைப் பாருங்கள். 100 வாட்ஸிலிருந்து 200-க்குப் போனால் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான் (டெசிபல் என்பது சத்தத்தின் அளவு). காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு பவர் வேண்டும். அதற்குப் பதில் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள், செலவே இல்லை.

வால்யூமைத் திருகும்போது கரகரப்பு வந்தால் அந்தக் கன்ட்ரோலைச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பழைய ஆம்ப்ளிஃபையரில் ஹம் (விடாத ‘ம்ம்’ என்ற இரைச்சல்) கேட்டால் பவர் சப்ளை கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கலாம். நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைகிறதா? பவரை அணைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையருக்குள் வரும் இடது, வலது கேபிள்களை மாற்றிச் செருகுங்கள். குறையும் பக்கம் மாறினால், கோளாறு கேபிளிலோ பிளேயரிலோ இருக்கிறது, ஆம்ப்ளிஃபையர் பாவம்!

இம்பீடன்ஸ் (ஓம் கணக்கில் சொல்லப்படும் மின்தடை) குறைவான ஸ்பீக்கரைத் தாங்காமல் ஆம்ப்ளிஃபையர் அடிக்கடி சூடாகி அணைகிறது என்றால் மாற்றலாம். அப்புறம், கடையில் ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்த அளவில் வைக்கச் சொல்லுங்கள். துளி கூடுதலாக ஒலிப்பதைத்தான் காது நல்லதென்று சொல்லும்.