யாருக்கு ஓட்டு என்று கேட்பதற்கு முன்: தோட்டப்புறத் தேர்தல் பேச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் போன்ற ஊரில், தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட மறுநாளே சாலையின் இருபுறமும் கொடிகள் ஏறிவிடும். கூடவே தேநீர்க்கடைப் பேச்சும் சூடேறிவிடும். பேசுவதில் குற்றமில்லை, பேசாமல் இருப்பதுதான் எனக்குக் கவலை தரும். ஆனால் இங்கே எதிரணிக்காரர் என்பவர் பெரும்பாலும் நம் பக்கத்து வீட்டுக்காரர், அல்லது சம்பந்தி வழி உறவினர், அல்லது அடுத்த மாதக் கோயில் திருவிழாவில் நம்மோடு சேர்ந்து அன்னதானப் பந்தியில் பரிமாறப் போகிறவர். அந்த நெருக்கத்தை மறந்து பேசுவதால்தான் பெரும்பாலான மனக்கசப்புகள் முளைக்கின்றன.

முதல் தவறு, எடுத்த எடுப்பில் "யாருக்கு ஓட்டு?" என்று கேட்பது. கடந்த பொதுத்தேர்தலின்போது, செம்பனைக் குலை வெட்டிவிட்டு வந்து தே தாரிக் குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், கட்சிச் சட்டை அணிந்த இளைஞர் ஒருவர், "மாமா, இந்தத் தடவை நீங்க எந்தப் பக்கம்?" என்று கடையே கேட்கும்படி கேட்டார். பெரியவர் கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றினார், மிச்சத்தைக் குடித்தார், இளைஞரின் தேநீருக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதை ஆதரவு என்று அந்த இளைஞர் எடுத்துக்கொண்டார். எனக்கோ அது மரியாதையாக மூடப்பட்ட கதவாகத்தான் தெரிந்தது. தோட்டத்துக் கணக்கரான கிராணிக்கும், வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கும் பதில் சொல்லியே வாழ்ந்த ஒரு தலைமுறைக்கு, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஓரிடமாக வாக்குச்சாவடியின் மறைவிடம் மட்டுமே இருந்திருக்கிறது. அதையும் நாம் கடைத்தெருவுக்கு இழுத்து வரலாமா? பள்ளிக்கூடம், வீட்டு நிலம், வெளிநாட்டுத் தொழிலாளர், சம்பளம் என எதைப் பற்றி வேண்டுமானாலும் கேளுங்கள், அவர் மணிக்கணக்கில் பேசுவார்.

கேட்காமலே ஊகித்துக்கொள்வது இன்னொரு தவறு. இதற்கு நம் வாக்களிப்பு முறையே ஒரு வாய்ப்பைத் தருகிறது. ஒரே வாக்களிப்பு மையத்தில் வாக்காளர்கள் வயது வாரியாக வெவ்வேறு தடங்களுக்கு, அதாவது வாக்களிப்பு அறைகளுக்கு, பிரிக்கப்படுகிறார்கள். மூத்தவர்கள் முதல் தடத்திலும் இளையவர்கள் கடைசித் தடத்திலும் வாக்களிக்கிறார்கள். எண்ணிக்கையும் தடம் வாரியாகவே நடந்து, 14ஆம் பாரம் என்ற முடிவுப் படிவத்தில் பதிவாகிறது. ஆகவே முடிவு வந்த அன்றிரவே, "கெழடுங்கதான் கவுத்துடுச்சு" என்றோ, "சின்னப் பசங்க காலை வாரிட்டாங்க" என்றோ வசைபாடல் தொடங்கிவிடுகிறது. ஒரு தடத்தின் மொத்தக் கணக்கு, அந்தத் தடத்தில் நின்ற உங்கள் தாத்தா எந்தச் சின்னத்தில் குறியிட்டார் என்பதை ஒருபோதும் சொல்லாது. அதோடு, மூத்தவர், இளையவர் இருவரின் நினைவுகளும் வேறு வேறு. 1974 முதல் 2008 வரை மலேசிய இந்தியர் காங்கிரசின் சாமிவேலு ஒருவரையே நாடாளுமன்ற உறுப்பினராகக் கண்ட தொகுதி எங்கள் சுங்கை சிப்புட். அந்த முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஒரு கையெழுத்தால் வேலை கிடைத்தவரும் இருப்பார், கடைசிவரை காத்திருந்து ஏமாந்தவரும் இருப்பார். வாக்களிக்கும் வயது 18 ஆனபின் 2022இல் முதல்முறை வாக்களித்த பேரனோ, 2008இல் நான்கு வயதுப் பிள்ளை. நன்றியை மடமை என்றும், மாற்றத்தை நன்றிகெட்டதனம் என்றும் சொல்லிக்கொள்ளும் வீட்டில் அரசியல் பேச்சு அங்கேயே செத்துப்போகிறது.

பேச்சு சூடாவதற்கு இன்னொரு காரணம், பிரச்சினையைத் தவறான முகவரிக்கு அனுப்புவது. வீட்டுக்குப் பின்னால் அடைத்துக் கிடக்கும் சாக்கடைக்காக நாடாளுமன்ற வேட்பாளரின் ஆதரவாளரோடு கைகலப்பு வரை போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். சாக்கடை நகராட்சி மன்றத்தின் பொறுப்பு. எங்களுக்கு அது கோலகங்சார் நகராட்சி மன்றம். அதன் உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதே இல்லை. உள்ளாட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டு, 1976ஆம் ஆண்டின் சட்டத்தோடு இல்லாமலே போயின. இன்று மாநில அரசுதான் உறுப்பினர்களை நியமிக்கிறது. கோயில் நிலம் மாநில அரசின் கையில், தமிழ்ப்பள்ளி மத்தியக் கல்வியமைச்சின் கையில். பேராக்கில் 2022இல் ஒரே நாளில் இரண்டு வாக்குச்சீட்டுகள் தரப்பட்டதற்குக் காரணமும் இந்தப் பிரிவினைதான். ஆகவே சட்டமன்ற வேட்பாளரிடம் கேட்க வேண்டியதை அவரிடமும், நாடாளுமன்ற வேட்பாளரிடம் கேட்க வேண்டியதை அவரிடமும் கேட்டால், பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டையிடத் தேவையே வராது. இதைத் தெரிந்துகொண்டு பேசுகிறவர்கள் குறைவு, கட்சிக்காரர்களிலும் குறைவுதான்.

வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் குரல் பதிவுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இனம், மதம், மன்னர் அமைப்பு ஆகியவற்றைத் தொட்டு வரும் எதையும், யார் அனுப்பியது என்று தெரியாமல் கைமாற்றாதீர்கள். சட்டச் சிக்கல் முதலில் அனுப்பியவரோடு நின்றுவிடுவதில்லை. நானும் ஒருமுறை, உண்மையா என்று பார்க்காமல் ஒரு பதிவைக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, தலைவர் தொலைபேசியில் அழைத்த பிறகுதான் நீக்கினேன். அதற்குள் அறுபது பேர் கேட்டுவிட்டார்கள்.

தோட்டப்புறத்துக்கே உரிய ஒரு தவறு மிச்சமிருக்கிறது. ஓட்டுப் போடாதவரைச் சோம்பேறி என்றும் இனப்பற்று இல்லாதவர் என்றும் பொது இடத்தில் கடிந்துகொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) எழுபது வயதைக் கடந்த பாட்டி ஒருவர், ரப்பர் பால் வெட்டிய காலத்திலிருந்து இதே மண்ணில் இருப்பவர், ஒவ்வொரு தேர்தலுக்கும் காலையிலேயே குளித்து, திண்ணையில் உட்கார்ந்து, வண்டி ஏறுபவர்களை வழியனுப்புவார். சென்ற முறை ஒரு தொண்டர், "பாட்டி, எல்லாரும் கெளம்பிட்டாங்க, நீங்க மட்டும் உக்காந்திருக்கீங்களே, ஒரு பொறுப்பு வேணாமா?" என்று அதட்டினார். பாட்டி உள்ளே போய், பிளாஸ்டிக் உறையில் இருந்த அடையாள அட்டையை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். குடியுரிமை கிடைக்காத நிரந்தர வசிப்பாளருக்குத் தரப்படும், ஓட்டுரிமை இல்லாத சிவப்பு நிறத்தில் அது இருந்தது.