ஊசியை எங்கே போடுவது?
பெங்களூரு அல்சூரில் குப்பை எடுக்க வரும் அக்காவின் விரலில் ஒருநாள் ஊசி ஏறிவிட்டது. அம்மாவின் இன்சுலின் ஊசி. ஈரக்குப்பையில் போட்டவன் நான்தான்.

இப்போது காலி பினாயில் பாட்டில் வைத்திருக்கிறேன். தண்ணீர் பாட்டில் வேண்டாம், ஊசி துளைத்துவிடும். இன்சுலின் போட்டு முடித்ததும், ஊசியின் மூடியைத் திரும்ப மாட்டாமல் நேரே பாட்டிலுக்குள் தள்ளுங்கள். முக்கால்வாசி நிரம்பியதும் டேப் ஒட்டி, கன்னடத்தில் 'சூஜி' என்று எழுதி, குப்பை எடுப்பவரிடம் சொல்லிக் கையில் கொடுங்கள்.

சட்டமா? அலட்சியத்தால் உயிர்க்கொல்லி நோய் பரவ வழிசெய்தால், குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 271-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். மருத்துவக் கழிவை விதி மீறிப் போடும் கிளினிக்குகளுக்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் முன்பு 5 ஆண்டு வரை சிறை இருந்தது. 2024 ஏப்ரல் முதல் 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதைக் கட்டாவிட்டால் சிறை, கூடுதல் அபராதம் அல்லது இரண்டும்.