ஒரு 'டு' செய்த வேலை

திருப்பூரில் மாலை நேர ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். சென்ற வாரம் திருத்திய நோட்டுகளில் நான்கு பேர் ஒரே தவறைச் செய்திருந்தார்கள்: ஆங்கில வினையில் 'இங்' (-ing) வர வேண்டிய இடத்தில் 'டு' (to) போட்டிருந்தார்கள். நான்காவது நோட்டை மூடிவைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டேன். அந்தத் தவறுக்கும் எனக்கும் பழைய பகை உண்டு.

'என்ஜாய்' என்ற வினைக்குப் பின் 'டு' வராது, 'வான்ட்' என்ற வினைக்குப் பின் 'இங்' வராது என்பவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. பள்ளிக்கூடத்துப் பட்டியலிலேயே அவை இருக்கின்றன. அவற்றில் தவறினாலும் கேட்பவருக்குப் பொருள் புரிந்துவிடும். 'இங்' போட்டாலும் 'டு' போட்டாலும் வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே நின்று, பொருள் மட்டும் வேறாகிவிடும் இடங்கள்தான் ஆளைக் கவிழ்க்கும்.

நிறுத்தியதும் நின்றதும்

ஆசிரியர் ஆவதற்கு முன், ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில், வாடிக்கையாளர்களின் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தேன். புற்றுநோய் அபாயமுள்ள அமின்கள் என்ற வேதிப்பொருள்களை வெளியிடக்கூடிய சில அசோ சாயங்களை, உடலில் படும் துணிகளில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் தடை கொண்டுவந்தது. அதனால் சாயம் என்றாலே அங்குள்ள வாடிக்கையாளர்கள் துருவித் துருவிக் கேட்பார்கள். எங்கள் சாயப்பட்டறையில் முன்பு இருந்த ஒரு சாயத்தைப் பற்றி அப்படி ஒரு கேள்வி வந்தது.

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. யாரிடமும் காட்டாமல் நானே பதில் அனுப்பினேன்: 'வீ ஸ்டாப்ட் டு யூஸ் தட் டை.' பயன்படுத்துவதை நிறுத்திவிட்டோம் என்று சொன்னதாக எனக்கு நினைப்பு. நான் எழுதியதன் பொருளோ, 'அந்தச் சாயத்தைப் பயன்படுத்துவதற்காக மற்ற வேலையை நிறுத்தினோம்' என்பது.

மறுநாள் என் வாக்கியத்தையே திருப்பி அனுப்பி, அதன் முடிவில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்கள். ஆர்டர் நின்றது. துணியை மறுபடி ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அறிக்கை வருவதற்குள் கப்பல் போய்விட்டது. கடலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போயிற்று. அந்தச் சரக்குக் கட்டணச் சீட்டை முதலாளி என் மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். திட்டியிருந்தால் தேவலை. 'யூஸிங்' என்று எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும்.

கட்டணத்தைக் காட்டிலும் எனக்கு இன்றும் எரிச்சல் தருவது வேறொன்று. இந்த வேறுபாடு எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும்; தமிழில் இருக்கிறது. 'புகைப்பதை நிறுத்தினான்', 'புகைக்க நின்றான்' என்ற இரண்டையும் எந்தத் தமிழனாவது குழப்பிக்கொள்வானா? 'புகைப்பது' தொழிற்பெயர், அந்த இடத்தில் ஆங்கிலத்துக்கு 'இங்'. 'புகைக்க' என்பது 'செய' என்னும் வாய்பாட்டு எச்சம். அந்த இடத்தில் 'டு'. இதைச் சொல்லாமல், எந்த வினைக்குப் பின் எது வரும் என்று நாற்பது வினைகளை மனப்பாடம் செய்யவைத்தார்கள். நானும் சில ஆண்டுகள் அதே பட்டியலைத்தான் கரும்பலகையில் எழுதிப்போட்டேன்.

மறதி, நினைவு, முயற்சி

இப்போது வகுப்பில் முதலில் தமிழில் சொல்லச் சொல்கிறேன். 'அனுப்ப மறந்துவிட்டேன்' என்றால் 'ஃபர்காட் டு சென்ட்'. கடிதம் இன்னும் கையில் இருக்கிறது. 'அனுப்பியதை மறந்துவிட்டேன்' என்றால் 'ஃபர்காட் சென்டிங்'. கடிதம் போய்விட்டது, நினைவுதான் இல்லை. 'ரிமெம்பர்' என்ற வினையும் இதே வழிதான்.

'ட்ரை' என்ற வினையில் தமிழ் இன்னும் அழகாகக் கைகொடுக்கிறது. 'ஜன்னலைத் திறக்க முயன்றேன்' என்றால் 'ட்ரைட் டு ஓப்பன்'. இறுகிப்போன ஜன்னலோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். 'ஜன்னலைத் திறந்து பார்த்தேன்' என்றால் 'ட்ரைட் ஓப்பனிங்'. ஜன்னல் திறந்துவிட்டது, புழுக்கம் குறைந்ததா என்பதுதான் கேள்வி.

தமிழ் காலை வாரும் இடம்

'உங்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறேன்.' இதை அப்படியே கொண்டுபோனால் 'லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று முடியும். தவறு. இந்த 'டு' முன்னிடைச் சொல் (ப்ரெபொசிஷன்); வினையின் ஒட்டு அன்று. 'மீட்டிங் யூ' என்றுதான் வர வேண்டும். சந்தேகம் வந்தால் வினை இருக்கும் இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு த ஹாலிடே' என்று சொல்ல முடிகிறதல்லவா? அப்படியானால் அங்கே 'இங்'. 'வான்ட் டு த ஹாலிடே' என்று யாரும் சொல்வதில்லை.

'யூஸ்ட் டு' என்பதில் இரண்டு வகையும் ஒளிந்திருக்கின்றன. 'ஐ யூஸ்ட் டு கெட் அப்' என்றால் முன்பு எழுவது வழக்கம். 'ஐ ஆம் யூஸ்ட் டு கெட்டிங் அப்' என்றால் எழுந்து பழகிவிட்டது. நடுவில் அந்த 'ஆம்' இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

சஜெஸ்ட்

'சஜெஸ்டட் மீ டு கோ' கிடையவே கிடையாது. 'சஜெஸ்டட் கோயிங்' அல்லது 'சஜெஸ்டட் தட் ஐ கோ'.

மேக், லெட்

'டு' வேண்டாம்: 'மேட் ஹிம் கோ', 'லெட் ஹிம் கோ'.