நாற்பரிமாண 2×2×2×2 கியூபுக்குக் குறுகிய தீர்வு: கணினியைத் தேட விடுவது எப்படி?

மேஜிக்கியூப்4டி அல்லது ஹைப்பர்ஸ்பீட்கியூப் என்ற கணினி நிரல்களில் 2×2×2×2-ஐ (ரூபிக் கியூபின் நாற்பரிமாண வடிவம்) கையால் தீர்க்கத் தெரிந்தவர்களுக்கான பதிவு இது. கையால் போட்டால் தீர்வு நீளமாகத்தான் வரும். அதைக் கணினியிடம் கொடுத்துச் சுருக்குவதுதான் இங்கே வேலை. வரிசை (அரே), ஹேஷ் டேபிள், பிஎஃப்எஸ் (அகலவாரித் தேடல்) எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

3×3×3×3-இல் தொடங்காதீர்கள். அதன் நிலைகளின் எண்ணிக்கை 121 இலக்கம். நம்முடையது 28 இலக்கம்தான், சுமார் 3.36 × 10²⁷. இதுவே போதுமான தலைவலி.

படி 1: மாதிரி

நான்கு அச்சுகளுக்கு அ, ஆ, இ, ஈ என்று பெயர் வைப்போம். ஒவ்வோர் அச்சுக்கும் இரண்டு பக்கம்: அ+, அ−. மொத்தம் 8 செல் (ஒரு பக்கத்தில் உள்ள முப்பரிமாண அடுக்கு), 16 துண்டு, ஒவ்வொரு துண்டிலும் 4 ஸ்டிக்கர். ஒரு துண்டு தன் இடத்தில் 12 விதமாக உட்காரலாம். ஒரு செல்லை 23 விதமாகத் திருப்பலாம்: 90 பாகையில் 6, முகம் வழியாக 180-இல் 3, விளிம்பு வழியாக 180-இல் 6, மூலை வழியாக 120-இல் 8. இந்த 23-இல் எதைச் செய்தாலும் ஒரு திருப்பு என்றே எண்ணப் போகிறேன். வேறு விதமாக எண்ணுபவர்களும் உண்டு. அவர்கள் விடைகளோடு ஒப்பிடும்போது இதை முதலில் பாருங்கள்.

படி 2: ஒரு துண்டை ஆணியடியுங்கள்

பலரும் சிக்குவது இங்கேதான், அதனால் நிதானமாகப் போவோம்.

கியூபை முழுதாகச் சுழற்றி 192 விதமாகப் பிடிக்கலாம். அத்தனையையும் தனித்தனி நிலையாக எண்ணினால் தேடல் அநியாயத்துக்கு வீங்கும். எனவே எல்லாம் கழித்தல் பக்கத்தில் இருக்கும் மூலைத் துண்டை அசையாததாக வைத்துக்கொள்கிறோம். அப்போது அ+, ஆ+, இ+, ஈ+ ஆகிய நான்கு செல்களை மட்டும் திருப்பினால் போதும். 4 × 23 = 92 திருப்பு.

ஆனால் குலைப்பில் (கியூபைக் கலைக்கச் செய்யும் திருப்புகளின் வரிசையில்) அ− செல்லைத் திருப்பச் சொல்லியிருந்தால்? அ−-ஐ ‘ச’ என்ற சுழற்சியால் திருப்புவதும், அ+-ஐ அதன் எதிர்ச்சுழற்சியால் திருப்பிவிட்டு முழுக் கியூபையும் ‘ச’-வால் சுழற்றுவதும் ஒன்றே. திருப்பைச் செய்துவிட்டு, முழுச் சுழற்சியை ‘மு’ என்ற 4×4 அணியில் குறித்துவைக்கிறோம். அதன் பிறகு வரும் ஒவ்வொரு திருப்பையும் மு-வின் நேர்மாறு வழியாக நம் சட்டகத்துக்கு (ஆணியடித்த துண்டை வைத்துக் கொண்ட திசைகளுக்கு) மாற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும். செல்லின் பெயரும் மாறும், சுழற்சியின் அச்சும் மாறும்.

இப்படி மாற்றிய பின் மறுபடி கழித்தல் செல் வந்தால், நம் சட்டகத்தில் உள்ள புதுச் சுழற்சியை மு-வின் வலப்பக்கம் பெருக்க வேண்டும் (அணி இடப்பக்கத்திலிருந்து செயல்படுகிறது என்று கொண்டால்). இடப்பக்கம் பெருக்கினால் முதல் கழித்தல் திருப்பு வரை எல்லாம் சரியாகவே இருக்கும், ஏனென்றால் அப்போது மு இன்னும் அலகு அணிதான். இரண்டாவதிலிருந்து விடை கோணும். இந்த அறிகுறி தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், பெருக்கல் வரிசையைப் பாருங்கள்.

படி 3: சரிபார்ப்பு

ஸ்டிக்கர்களை அப்படியே நகர்த்தும் மெதுவான மாதிரி ஒன்றைப் பைத்தானில் எழுதுங்கள். வேகமான மாதிரியை சி பிளஸ் பிளஸ் அல்லது ரஸ்டில் எழுதி, இரண்டுக்கும் ஒரே குலைப்பைக் கொடுத்து ஒப்பிடுங்கள். தேடலையும் பைத்தானிலேயே எழுத நினைப்பவர்களைத் தடுக்க மாட்டேன், பரிந்துரைக்கவும் மாட்டேன். தேடல் நிரலைச் சாதாரண 2×2×2-இல் முதலில் ஓட்டிப் பாருங்கள்: 36,74,160 நிலைகள், அதிகபட்சம் 11 திருப்பு (180 பாகையும் ஒன்றாக எண்ணினால்). இந்த இரண்டு எண்ணும் வராவிட்டால் நான்காம் பரிமாணத்துக்குப் போகாதீர்கள்.

படி 4: இரு முனைத் தேடல்

ஒரே செல்லை அடுத்தடுத்துத் திருப்புவதில் பயனில்லை. ஆகவே முதல் திருப்புக்கு 92 வழி, அப்புறம் ஒவ்வொன்றுக்கும் 69. நான்கு திருப்பில் அதிகபட்சம் 3,02,22,828 வரிசைகள். ஐந்தாவதிலேயே 208 கோடியைத் தாண்டும். சுரங்கத்தை இரு பக்கமிருந்தும் குடைவது போல, தீர்ந்த நிலையிலிருந்து நான்கு, குலைந்த நிலையிலிருந்து நான்கு என்று போய் நடுவில் சந்திக்க வைத்தால் 8 திருப்பு வரையிலான மிகக் குறுகிய தீர்வு உறுதியாகக் கிடைக்கும். கடைசியில் இரண்டு மூன்று துண்டு மட்டும் தப்பாக நிற்கும் நிலைகளுக்குக் குறுகிய சூத்திரம் தேட இதுதான் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டியது.

முழுதாகக் கலைத்த கியூபுக்கு இது எட்டாது. மேலே உள்ள எண்ணிக்கையை வைத்தே கணக்கிடலாம்: சில நிலைகளுக்குக் குறைந்தது 15 திருப்பாவது வேண்டும்.

படி 5: கட்டம் கட்டமாக

முதல் கட்டத்தில், ஈ அச்சின் இரு நிற ஸ்டிக்கர்களும் எல்லாத் துண்டுகளிலும் ஈ அச்சிலேயே வந்து நிற்க வேண்டும், எந்தப் பக்கமானாலும் சரி. 15 இடம், ஒவ்வொன்றிலும் 4 வாய்ப்பு: 4¹⁵ = 2³⁰. இடத்துக்கு 2 பிட் என்று அடுக்கினால் அதுவே 30 பிட் சுட்டெண்ணாகிவிடுகிறது. இந்த அட்டவணையை முழுதாகவே நிரப்பலாம்.

இரண்டாம் கட்டத்தில் ஈ-ஐக் கலைக்காத 44 திருப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு அ நிறங்களை அ அச்சுக்குக் கொண்டுவருகிறோம். 3¹⁵ இடம் ஒதுக்கி பிஎஃப்எஸ் ஓட்டினால் சரியாக 47,82,969 நிலைகள் நிரம்ப வேண்டும், அதாவது 3¹⁴. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் திருப்பு அட்டவணையில் பிழை.

மூன்றாவதில் மிஞ்சுவது இடமாற்றம் மட்டும். 20 திருப்பு, 15!/2 நிலை, அதாவது சுமார் 65,384 கோடி. முழு அட்டவணை வேண்டாம். ஏழு துண்டுகளின் இடத்துக்கு ஒன்று (3,24,32,400), மீதி எட்டுக்கு ஒன்று (25,94,59,200) என்று, அந்தத் துண்டுகளைத் தீர்க்கக் குறைந்தது எத்தனை திருப்பு என்பதை வைக்கும் இரண்டு அட்டவணை கட்டி, ஐடிஏ ஸ்டார் தேடலுக்கு (ஆழ வரம்பைப் படிப்படியாகக் கூட்டி, வரம்புக்குள் முடியாத கிளைகளை வெட்டும் தேடல்) கொடுங்கள். நிலைக்கு அரை பைட் போதும். இரண்டு மதிப்பில் பெரியதைத்தான் எடுக்க வேண்டும், கூட்டக் கூடாது. ஒரே திருப்பு இரு குழுவிலும் உள்ள துண்டுகளை நகர்த்துகிறதே.

கிடைப்பது குறுகிய தீர்வு, மிகக் குறுகியது என்ற உறுதி இல்லை. முதல் கட்டத்தை ஒன்றிரண்டு திருப்பு நீட்டிப் பல வழிகளில் முயன்றால் மொத்தம் பெரும்பாலும் குறையும்.

பின்சேர்க்கை: முதல் அட்டவணைக்கு ரேம் போதவில்லை என்று கருத்துப் பெட்டியில் சிலர் எழுதியிருந்தார்கள். நிலைக்கு ஒரு பைட் என்றால் 1 ஜிபி ஆகும். ஆழத்தை (இலக்குக்கு இன்னும் எத்தனை திருப்பு என்பதை) 3-ஆல் வகுத்த மீதியை மட்டும் 2 பிட்டில் வையுங்கள், 256 எம்பி-யில் முடிந்துவிடும். ஒரு திருப்பில் ஆழம் ஒன்றுக்கு மேல் மாறாது என்பதால் இறங்கும் வழியை அந்த மீதியே காட்டும்.

இன்னொன்று: ஒரே நிலை இரண்டு வழியில் வருகிறதே என்று கேட்டவருக்கு: அ+, ஆ+ இரண்டையும் இ-ஈ தளத்திலேயே திருப்பினால் எதை முதலில் செய்தாலும் விளைவு ஒன்றுதான். இப்படிப்பட்ட ஜோடிகளைத் தொடக்கத்திலேயே கணக்கிட்டு, ஒரு வரிசையை மட்டும் அனுமதியுங்கள்.