ஆய்வுக் கட்டுரையை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

நாவல் மாதிரி முதல் வரியிலிருந்து படித்தால் மூன்றாம் பத்தியிலேயே தூக்கம் வந்துவிடும். பழகுவதற்கு ஒரு பழைய கட்டுரையை எடுத்துக்கொள்வோம். 1998 பிப்ரவரியில் லான்செட் மருத்துவ இதழில் பிரிட்டிஷ் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் வேறு 12 பேரும் எழுதியது. எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா) தடுப்பூசி போட்டால் ஆட்டிசம் வரும் என்ற பயத்தைக் கிளப்பியது இதுதான். மொத்தமே ஐந்து பக்கம்.

படி 1: சுருக்கத்தைப் படித்து, எதைத் தேடிப் போயிருக்கிறார்கள் என்று உங்கள் சொற்களில் ஒரு வரி எழுதுங்கள். இப்போதைக்கு எதையும் நம்ப வேண்டாம்.

படி 2: முன்னுரையைத் தாண்டி நேராக 'முறைகள்' பகுதிக்குப் போங்கள். பலரும் விட்டுவிடும் இடம் இது. நான் அதிக நேரம் செலவிடுவதும் இங்கேதான். எத்தனை பேரை ஆராய்ந்தார்கள்? எப்படிச் சேர்த்தார்கள்? யாரோடு ஒப்பிட்டார்கள்? இங்கே 12 குழந்தைகள். எல்லோரும் குடல் கோளாறோடு லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனைக்கு வந்தவர்கள் என்று எழுதியிருக்கிறார்கள். ஊசிதான் காரணமா என்று பார்க்க, ஒப்பிடுவதற்கு வேறு குழுவே இல்லை. 8 குழந்தைகளுக்கு ஊசிக்குப் பிறகு நடத்தை மாறியது என்பதும் பெற்றோரோ மருத்துவரோ சொன்னதுதான். ஊசி போடுவது ஒரு வயதை ஒட்டி. ஆட்டிசத்தின் அறிகுறிகள் தெரிய ஆரம்பிப்பதும் ஏறக்குறைய அப்போதுதான். ஒன்றையடுத்து இன்னொன்று கண்ணில் படாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

படி 3: அட்டவணைகள். ஆசிரியர்களின் விளக்கத்துக்கு முன்னால் எண்களை நீங்களே பாருங்கள்.

படி 4: அப்புறம் 'விவாதம்' பகுதி. தடுப்பூசியோடு தொடர்பு இருப்பதை நிரூபிக்கவில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள்! வேக்ஃபீல்டு அதை மீறிப் பேசியது செய்தியாளர் சந்திப்பில்.

படி 5: பணம் எங்கிருந்து வந்தது, பிறகு என்ன ஆனது என்று தேடுங்கள். தடுப்பூசி நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்த தரப்பிலிருந்து வேக்ஃபீல்டுக்குப் பணம் வந்திருந்தது. கட்டுரையில் அதைப் பற்றி மூச்சு இல்லை. 2002-இல் டென்மார்க்கில் 5,37,303 குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்தபோது ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடுதலாக இல்லை. 2010-இல் லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதனால் எந்தக் கட்டுரையையும் மேற்கோள் காட்டுமுன் இதழின் இணையப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்படிப் படித்தாலும் எல்லாம் பிடிபடாது. குழந்தைகள் பொறுக்கி எடுக்கப்படாமல் வரிசையாக வந்த நோயாளிகள் என்று கட்டுரையில் எழுதியிருந்தது உண்மையில்லை என்பது பிறகு நடந்த விசாரணையில்தான் தெரிந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லை என்பதோ முதல் நாளே அச்சில் இருந்தது.